ஒன்றுமே நடக்காத படங்கள்: நமக்கு ஏன் பிடிக்கிறது?

வெண்ணாற்றங்கரை:

சண்டை இல்லை, துரத்தல் இல்லை, பாட்டு இல்லை, இடைவேளைக்கு முன்னால் ஒரு திருப்பமும் இல்லை. வயதான தம்பதி ஒனோமிச்சி என்ற ஊரிலிருந்து டோக்கியோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஜப்பான் இயக்குநர் யசுஜிரோ ஓசு 1953ல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'யின் கதை கிட்டத்தட்ட இவ்வளவுதான். சம்பா அறுப்பு முடிந்த கையோடு, நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில், ஒரு வீட்டு மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி இதைப் போட்டோம். இரண்டேகால் மணி நேரம் ஓடுகிற கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் எழுந்து போனவர் ஒரே ஒருவர். அவரும் மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது, வாழைக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று போனவர்.

மற்றவர்கள் ஏன் உட்கார்ந்தார்கள் என்பதுதான் கேள்வி. 'நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கு' என்ற பதில் எனக்குப் போதவில்லை. நம் வீட்டுக் கதை என்று சொல்லித்தான் டிவியில் தினமும் சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரைக்கும் போடுகிறார்கள். அதை யாரும் இப்படிப் பேச்சு மூச்சில்லாமல் பார்ப்பதில்லையே.

ஆரம்பத்தில் ஒரு காட்சி வரும். இருவரும் பயணத்துக்குப் பை கட்டுகிறார்கள். காற்றடைக்கிற தலையணையைக் காணோம். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். என்னிடம் இல்லையே என்கிறார் அந்த அம்மாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது அவர் பைக்குள்ளேயே இருக்கிறது. இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை மடிக்கிறார். ஒரு வருத்தம் தெரிவிக்க வேண்டுமே, அதெல்லாம் கிடையாது. மாடியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் இந்த இடத்தில் சிரித்தார்கள். ஆண்களில் இரண்டு பேர் மட்டும்.

என் கட்சி இதுதான்: இந்த மாதிரிப் படங்களில் கெட்டவன் என்று ஒருவன் இல்லை, ஆனால் கெட்டது நடக்கிறது. மூத்த மகன் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பும்போது ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்துவிடுகிறது. போகாமல் இருக்க முடியுமா? மகள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். மாமனார் மாமியாருக்காக மாப்பிள்ளை நல்ல கேக் வாங்கி வந்தால், இவ்வளவு விலையில் எதற்கு என்கிறாள். கடைசியில் பிள்ளைகள் பேசிவைத்துப் பெற்றோரை அதாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் வைத்துக்கொள்வதைவிட அது செலவு குறைவு. அங்கே ராத்திரி முழுக்கப் பாட்டும் சீட்டாட்டம் மாதிரி ஏதோ ஒரு கூத்தும். பெரியவர்களுக்குத் தூக்கமில்லை. யாரைக் குற்றம் சொல்வது? குற்றம் சொல்ல ஆள் இருந்தால் நாம் அந்த ஆளைத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்போம்.

கொள்ளிடத்தான்:

அண்ணே, வெளிநாட்டுக்காரன் கொட்டாவி விட்டால்கூட அது கலை என்று ஆகிவிட்டது. இதையே நம்ம ஊர் ஆள் எடுத்திருந்தால் 'ஸ்லோ' என்று முதல் நாளே ஊத்தி மூடியிருப்போம். இரண்டாவது, மென்மை என்பதே வயிறு நிறைந்தவனுக்குத்தான். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு, மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துக் கிடக்கிறவனிடம் 'பெர்ஃபெக்ட் டேஸ்' மாதிரி ஒரு மென்மையான படத்தைப் போட்டுக் காட்டுங்கள். என்ன சொல்கிறான் பார்ப்போம்.

பழைய டாக்கீஸ்:

தம்பி கொள்ளிடம், நம்ம ஊர் ஆள் எடுக்கவில்லை என்று யார் சொன்னது? பாலு மகேந்திராவின் 'வீடு' 1988ல் வந்தது. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருவார். பேத்தி கட்டுகிற அரைகுறை வீட்டைத் தனியாக ஒரு நாள் போய்ப் பார்ப்பார் பாருங்கள், அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டு. அதற்கு மேல் எந்த ஜப்பான்காரர் வந்து என்ன காட்டிவிடப் போகிறார்? நம்மிடம் இருந்தது. நாம்தான் அதற்குத் தியேட்டரில் கூட்டம் சேர்க்கவில்லை.

நான் மாயவரம் பக்கம் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவன். ஓசு படத்தில் எனக்குப் பிடித்தது கேமரா இருக்கிற உயரம். தரையிலிருந்து கொஞ்சம்தான் மேலே. நாற்காலியில் உட்கார்ந்தவன் பார்வையும் இல்லை, நிற்கிறவன் பார்வையும் இல்லை. பாயில் உட்கார்ந்திருக்கிறவனுடைய பார்வை. நம்ம கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தானே, அந்தத் தரை டிக்கெட்காரனுடைய உயரம். பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ் ஒன்றை வைத்தே எடுத்தார். பிற்காலப் படங்களில் கேமரா நகர்வதே அபூர்வம். ஒரு காட்சி முடிந்ததும் அடுத்ததற்குத் தாவ மாட்டார். காய்கிற துணி, புகைபோக்கி, போகிற ரயில் என்று ஏதாவது ஒன்றைச் சில விநாடி காட்டுவார். நாம் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

'டோக்கியோ ஸ்டோரி'யில் கோடைகாலம். எல்லோர் கையிலும் விசிறி. பேசும்போதும் விசிறி, பேசாமல் இருக்கும்போதும் விசிறி. சித்திரையில் நம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் படம் ஒரு படி கூடுதலாகப் புரியும் என்பது என் அபிப்பிராயம்.

சிங்கப்பூர் தாளடி:

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீடு, பிழைப்பு சிங்கப்பூரில். எல்லோரும் அந்தப் படத்தைப் பெற்றோர் பக்கம் நின்று பார்க்கிறீர்கள். நான் அந்த மகள் ஷிகே பக்கம். அவளைத் திட்டுவது ரொம்ப சுலபம்.

அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வருகிறது. கிளம்பும்போது அண்ணனிடம் கேட்கிறாள்: துக்க உடையையும் எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொள்கிறார்கள். செத்துப்போன தம்பியின் மனைவி நோரிகோ எடுத்து வரவில்லை, அதனால் அவள் நல்லவள், ஷிகே கல் நெஞ்சுக்காரி, இப்படித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஊரிலிருந்து அகால நேரத்தில் போன் வந்தவனுக்குத் தெரியும். டிக்கெட் விலை, எத்தனை நாள் லீவ் கிடைக்கும், காரியம் வரைக்கும் இருக்க முடியுமா, திரும்பப் போய்விட்டு மறுபடி வர முடியுமா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருக்கும். அழுகையும் அதே நேரத்தில் வந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே ஆளுக்குள்ளேதான். அம்மா போனதும் முதலில் வாய்விட்டு அழுகிறவள் அந்த ஷிகேதான். அப்புறம் சாப்பாட்டில் உட்கார்ந்து அம்மாவின் இன்ன புடவை எனக்கு வேண்டும் என்று கேட்பவளும் அவளே (அவர்கள் ஊரில் கிமோனோ). ஓசு இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிடுகிறார். இந்த மாதிரி ஆளைத் தமிழ்ப் படத்தில் ஒன்று திருத்துவார்கள், இல்லை அறைவார்கள்.

மருதாணி:

கும்பகோணத்திலிருந்து. 'மென்மையான படம்' என்று எல்லோரும் சொல்வதில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மேலே எழுதியதில் பாதிக் கொடுமை. நான் இன்னும் கொடுமையான ஒன்றைச் சொல்கிறேன்: இன்னொரு ஜப்பான் இயக்குநர் ஹிரோகாசு கொரே-எடா 2008ல் எடுத்த 'ஸ்டில் வாக்கிங்'. அம்மா இறந்த பிறகு அந்தத் துக்கத்தில் எடுத்த படம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கதை ஒரு நாள்தான், மறுநாள் காலை கொஞ்சம். மூத்த மகனின் நினைவு நாள். கடலில் மூழ்கப்போன ஒரு பையனைக் காப்பாற்றிவிட்டு அவன் செத்துப்போனான். வருடா வருடம் குடும்பம் கூடுகிறது. நம் வீட்டுத் தெவசம் மாதிரியே காலையிலிருந்து அடுப்படி நிற்பதில்லை. முள்ளங்கி சீவுகிறார்கள், சோளக்கதிரிலிருந்து மணியைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி உதிர்க்கிறார்கள், மாவில் கலந்து எண்ணெயில் போடுகிறார்கள், அது படபடவென்று வெடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் மற்ற அறைகளில் இருப்பவர்கள் எல்லாம் வந்துவிடுகிறார்கள். இரண்டாவது மகன் கட்டியிருப்பது கணவனை இழந்த பெண்ணை. அவளுக்கு முதல் கல்யாணத்தில் ஒரு பையன். மாமியார் அவளிடம் ஒரு வார்த்தைகூடத் தடித்துப் பேசமாட்டாள். சிரித்துக்கொண்டே, பலகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டே, ஊசி ஏற்றுவாள். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன் இந்தச் சிரிப்பை.

காப்பாற்றப்பட்ட பையனும் அன்றைக்கு வருகிறான். வளர்ந்து, உடம்பு பெருத்து, நிலையான வேலை இல்லாமல், வியர்த்து வழிந்துகொண்டு முட்டி போட்டு உட்கார்ந்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். ராத்திரி மகன் கேட்கிறான்: பாவம், அவனை இனிமேல் கூப்பிட வேண்டாமே? அம்மா கையில் நூல் பின்னிக்கொண்டிருக்கிறாள். கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: அதற்காகத்தான் கூப்பிடுகிறேன். வெறுக்க ஒருத்தர் இல்லாமல் இருப்பது இன்னும் கஷ்டம். வருடத்தில் ஒரு நாள் அவனும் கஷ்டப்படட்டும்.

குரல் உயரவில்லை. பின்னணி இசை எழவில்லை. அதே கைதான் காலையில் சோளம் உதிர்த்தது. இதை நான் மென்மை என்று சொல்லமாட்டேன். சத்தம் இல்லை, அவ்வளவுதான். வெண்ணாற்றங்கரை அண்ணன் 'கெட்டவன் இல்லை' என்கிறார். நான் சொல்வேன், எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது, யாரிடமும் மொத்தமாகக் குவித்து வைக்கவில்லை.

குறுவை:

அக்கா, இதைப் படித்துவிட்டு எங்கள் பெரியம்மாவைப் பார்க்கவே பயமாக இருக்கிறது 😄

ஒரு நடைமுறைக் கேள்வி. வீட்டில் அம்மாவுக்குக் காட்டலாம் என்று பார்த்தால் தமிழ் சப்டைட்டில் கிடைப்பதே இல்லை. ஆங்கிலம் ஓடுகிற வேகத்தில் அம்மாவால் படிக்க முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லிக்கொண்டே இருந்தால் எனக்குப் படம் போய்விடுகிறது. 'டோக்கியோ ஸ்டோரி'யில் பாதியில் அம்மா கேட்டது: 'அந்தப் பெரியவருக்குப் பென்ஷன் உண்டா?' அதற்கு என்ன பதில் சொல்வது? பேச்சு குறைவான படமாக யாராவது சொல்லுங்கள்.

பழைய டாக்கீஸ்:

கொரியப் படம் 'த வே ஹோம்', 2002. லீ ஜோங்-ஹ்யாங் என்ற பெண் இயக்குநர். பாட்டிக்கு வாய் பேச வராது, அதனால் உன் வேலை பாதி மிச்சம். சியோலில் வளர்ந்த பேரனை மலைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறாள் தாய். அவனுக்குக் கையில் வீடியோ கேம், அதற்கு பேட்டரி தீர்ந்துவிட்டது. பாட்டி தூங்கும்போது கொண்டை ஊசியை உருவிக்கொண்டுபோய் விற்கப் பார்க்கிறான். பொரித்த கோழி வேண்டும் என்று படம் வரைந்து, ஜாடை காட்டிக் கேட்கிறான். பாட்டி மழையில் நனைந்து கோழி வாங்கிவந்து வேகவைத்து வைக்கிறாள். கத்தி அழுகிறான், இது இல்லை என்று. ராத்திரி பசி தாங்காமல் எழுந்து அதையே தின்கிறான்.

பாட்டியாக நடித்தவர் நடிகை இல்லை, அப்படி ஒரு கிராமத்தில் இருந்த மூதாட்டி. கடைசியில் பையன் ஊருக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்கிறான். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது. இருக்கிற ஊசி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் நூல் கோத்து வைக்கிறான். இதற்கு மேல் சொல்லமாட்டேன், அம்மாவோடு பார்.

தென்னந்தோப்பு:

பேராவூரணிப் பக்கம். கொள்ளிடத்தான் சொன்ன 'வயிறு நிறைந்தவனுக்குத்தான்' என்பதற்குப் பதில் சொல்லலாம் என்று வந்தேன்.

ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987ல் 'நண்பனின் வீடு எங்கே' என்று ஒரு படம் எடுத்தார். கோக்கர் என்ற கிராமத்துப் பையன் பக்கத்தில் உட்கார்பவனின் நோட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிடுகிறான். இன்னொரு முறை நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். பையன் மேட்டில் ஏறி இறங்கி அடுத்த ஊருக்கு ஓடுகிறான், வீடு தெரியாது. அவ்வளவுதான் கதை. வழியில் பார்க்கிற பெரியவர்கள் ஒருத்தரும் அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

1990ல் அந்தப் பகுதியில் பெரிய பூகம்பம். ஊர் ஊராக இடிந்து ஆயிரக்கணக்கில் செத்துப்போனார்கள். படத்தில் நடித்த பையன்கள் என்ன ஆனார்களோ என்று கியாரோஸ்தமி மகனோடு காரில் தேடிப் போனார். அதை வைத்தே 1992ல் அடுத்த படம் வந்தது. இடிபாட்டுக்கு நடுவில் ஒருவன் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டிக்கொண்டிருப்பான். சொந்தக்காரர்கள் செத்திருக்கிறார்கள், ஆனால் உலகக் கோப்பை நடக்கிறதே. இன்னொருவன் பூகம்பத்துக்கு அடுத்த நாளே கல்யாணம் செய்துகொண்டிருப்பான்.

2018 நவம்பரில் கஜா வந்துபோன மறுநாள் எங்கள் தோப்பில் நின்றிருந்த மரங்களை எண்ணக் கை விரல் போதும். சின்ன வயதில் நான் வைத்த மரம், தாத்தா வைத்த மரம், எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. கரண்ட் வர வாரக்கணக்கானது. அந்த நிலைமையிலும் செல்போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். விழுந்த மரத்து இளநீரை வெட்டிக் குடித்துக்கொண்டு ஒருத்தர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்ததைப் பேசினோம். செய்தியில் வந்த எந்தப் படத்திலும் இது இல்லை. அழுகிற முகம் மட்டும்தான் வந்தது. அழுதோம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆன்டெனா கட்டுகிற அந்த ஆளைப் பார்த்தபோது, இவர் நம்மைப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. பசித்தவனுக்கும் இந்த மாதிரிப் படம் வேண்டும் தம்பி. அவனைப் பரிதாபமாகவே காட்டிக்கொண்டிருப்பவர்கள் மத்தியில் இதுதான் மரியாதை.

கொள்ளிடத்தான்:

தென்னந்தோப்பு ஐயா, நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பெர்ஃபெக்ட் டேஸ்' விஷயத்தில் இறங்கிவரமாட்டேன். ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் எடுத்தது, 2023. டோக்கியோவில் பொதுக் கழிப்பறை கழுவுகிறவர் கதை. கோஜி யாகுஷோவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது. நடிப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கழிப்பறைகள் என்னென்ன தெரியுமா? ஷிபுயா பகுதியில் ததாவோ ஆண்டோ, ஷிகேரு பான் போன்ற பெரிய கட்டடக் கலைஞர்களை வைத்துக் கட்டிய 17 கழிப்பறைகள். அந்தத் திட்டத்தைக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டதில்தான் படமே பிறந்தது. கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறது. அவர் காலையில் எழுந்து செடிக்குத் தண்ணீர் தெளித்து, கேசட்டில் பாட்டு போட்டுக்கொண்டு, வேனில் ஜாலியாக வேலைக்குப் போகிறார்.

நம் ஊரில் யார் இந்த வேலையைச் செய்கிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கையால் அள்ளக் கூடாது என்று 2013ல் சட்டம் வந்த பிறகும் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறார்கள். அவர்களிடம் போய் 'சின்னச் சின்ன சந்தோஷம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மருதாணி:

நியாயம். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: படத்தில் அவருடைய தங்கை டிரைவர் வைத்த காரில் வந்து இறங்குகிறாள். அதாவது அவர் வசதியான வீட்டிலிருந்து தானாக விலகி வந்தவர். நம் ஊரில் தூய்மைப் பணிக்குத் தானாக வந்தவர் யார்?

ஆனால் ஒரு காட்சியை விட்டுவிட்டீர்கள். கழிப்பறைக்குள் ஒரு சின்னப் பையன் அம்மாவைக் காணாமல் அழுதுகொண்டிருப்பான். இவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவருவார். தாய் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொள்வாள். இவரை நிமிர்ந்தும் பார்க்கமாட்டாள், நன்றியும் கிடையாது. ஈரத் துணித்தாளை எடுத்து, இவர் பிடித்திருந்த பிள்ளையின் கையைத் துடைப்பாள். அதைப் பார்த்தபோது எனக்கு ஜப்பான் மறந்துபோனது.

கொள்ளிடத்தான்:

ஞாபகம் இருக்கிறது அக்கா. வெண்டர்ஸுக்கு அது ஒரு காட்சி. எங்கள் தெருவில் அது முழுப் படம்.

வெண்ணாற்றங்கரை:

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சங்கதி: அந்தப் பாத்திரத்தின் பெயர் ஹிராயாமா. 'டோக்கியோ ஸ்டோரி' குடும்பத்தின் பெயரும் அதேதான். வெண்டர்ஸ் ஓசுவின் பக்தர், அவரைத் தேடி டோக்கியோ போய் 1985லேயே ஓர் ஆவணப்படம் எடுத்தவர். பக்தி கொஞ்சம் அதிகமானால் எதிரில் இருப்பது பளபளப்பாகத்தான் தெரியும் போலிருக்கிறது. ஓசுவின் படத்தில் போரில் மகனைப் பறிகொடுத்த வீடு, குடித்துவிட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் புலம்புகிற கிழவர்கள் எல்லாம் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் படம் ஏன் என்பதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முகம் தெரியாத நடிகர்கள். நம் படத்தில் ஒருவர் உள்ளே நுழைந்ததுமே அவர் நல்லவரா கெட்டவரா, எத்தனை நிமிடம் வருவார் என்று முடிவு செய்துவிடுகிறோம். ஜப்பான்காரரிடம் அந்தக் கணக்கு செல்லாது. அவர் அடுத்து என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் தாளடி:

கொள்ளிடத்தானுக்கு ஏற்ற படம் ஒன்று இருக்கிறது. ஐஸ்லாந்து, 2015, 'ராம்ஸ்'. அடுத்தடுத்த பண்ணையில் இருக்கிற அண்ணன் தம்பி, 40 வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவசியம் என்றால் சீட்டு எழுதி நாயின் வாயில் கொடுத்தனுப்புவார்கள். பள்ளத்தாக்கில் ஆடுகளுக்கு ஒரு நோய் வருகிறது. இருக்கிற மந்தையை எல்லாம் கொல்ல வேண்டும் என்று உத்தரவு. பளபளப்பு மருந்துக்கும் கிடையாது. வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

குறுவை:

'த வே ஹோம்' பார்த்தாயிற்று. அம்மா பென்ஷன் பற்றிக் கேட்கவில்லை. 'அந்தப் பையனை ரெண்டு போடணும்' என்று முக்கால் படம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊசிக் காட்சியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார், பால் பொங்குகிறது என்று. பால் பொங்கவில்லை.

கொள்ளிடத்தான்:

'ராம்ஸ்' பார்த்துவிட்டேன். 'பெர்ஃபெக்ட் டேஸ்' பற்றி எழுதியதில் ஓர் எழுத்தை மாற்றமாட்டேன், அது வேறு.

இதில் ஓர் இடம். ஒருத்தன் குடித்துவிட்டுப் பனியில் விழுந்து விறைத்துக் கிடக்கிறான். கூடப் பிறந்தவன் பார்க்கிறான். தொட்டுத் தூக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நம்ம ஊர் ஜேசிபி மாதிரி முன்னால் வாளி வைத்த வண்டியை எடுத்து வந்து, அப்படியே அள்ளிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் கொட்டிவிட்டு, இறங்காமல் திரும்பிப் போகிறான். விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் தெருவில் இதே மாதிரி இரண்டு பேர் இருக்கிறார்கள், வாய்க்கால் தகராறு. அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இருவரையும் ஒரே மாடிக்கு எப்படி ஏற்றுவது என்றுதான் புரியவில்லை.

குறுவை:

தனித்தனியாகப் போடுங்கண்ணே. ஒருத்தருக்கு வெள்ளிக்கிழமை, இன்னொருத்தருக்கு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை யாருக்கு என்பதில் தகராறு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.